முப்பத்தெட்டாம் நாள் வாசகி

ஜோதிலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள், அந்தக் குழந்தை நூலக உறுப்பினர் ஆகிவிட்டது. தொப்புள்கொடி முதல்நாள்தான் காய்ந்து விழுந்திருந்தது. பெயர் வைக்கவில்லை, காது குத்தவில்லை, கழுத்து நிற்கவில்லை. ரேஷன் கார்டில் ஒரு பெயரைச் சேர்க்க நடையாய் நடக்க வேண்டிய நாட்டில், நூலக அட்டை மட்டும் வீடு தேடி வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் நூலகர் குருசாமி. கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, திராட்சைப் பந்தல்களுக்கு மத்தியில் கிடக்கிற ஊர் புளியங்கரடு. அங்கே நூலகம் என்பது ஒரே ஓர் அறை. நூலகர், கூட்டுகிறவர், காவல்காரர் எல்லாம் குருசாமிதான். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதுமே ஜோதிலட்சுமியின் தாய் அன்னத்தாய் குறுக்கே வந்து நின்றாள்.

"அங்கனயே நில்லுங்க சாரு. பிள்ள பெத்த வீடு. இன்னும் முப்பது கழியல."

குருசாமி வெயிலில் நின்றபடியே சுற்றறிக்கையை உரக்கப் படித்தார். 'தொட்டில் வாசகர் இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்களாம். மாவட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பத்து நாளுக்குள் வாசகர் ஆகிவிட வேண்டுமாம். அட்டையோடு ஒரு துணிப் புத்தகத்தையும் நீட்டினார். மொத்தம் நான்கு பக்கம். பந்து, பசு, பழம், பட்டம்.

உள்ளறையில் பாயில் படுத்திருந்த ஜோதிலட்சுமிக்குக் குருசாமியின் குரல் கேட்டதும் உயிர் வந்தது. எழுந்து கதவோரம் வந்தாள்.

"சார், அந்த மேத்ஸ் புத்தகத்தக் கொண்டாந்தீகளா?"

அந்த மேத்ஸ் புத்தகத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலட்டை போன, முந்நூற்றுச் சொச்சம் பக்கம் உள்ள, குரூப் ஃபோர் தேர்வுக்கான தடிப் புத்தகம் அது. அதில் அச்சாகியிருப்பது எந்தக் கடையிலும் கிடைக்கும். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பது எங்கும் கிடைக்காது. பத்து வருஷமாக அந்த நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர்கள், ஒவ்வொரு கணக்குக்கும் தங்களுக்குப் பிடிபட்ட குறுக்கு வழியை ஓரத்தில் எழுதிவைத்துப் போயிருந்தார்கள். ஒருவர் ஐந்து வரியில் முடித்ததை அடுத்தவர் அதன் கீழேயே இரண்டு வரியில் முடித்திருப்பார். அந்தப் பென்சிலைப் படித்து ஏழு பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதுவது விதிப்படி குற்றம். அந்தக் குற்றத்தைக் கண்டும் காணாமல் விட்டதுதான் குருசாமி ஊருக்குச் செய்த பெரிய தொண்டு.

ஜோதிலட்சுமி இரண்டு தடவை தேர்வு எழுதியவள். கடைசித் தடவை மூன்றே கேள்வியில் விட்டாள். மூன்றும் மேத்ஸ். இந்தத் தடவை நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தில் பாதி வரை வந்திருந்தாள், அதற்குள் இடுப்புவலி வந்துவிட்டது. தேர்வுக்கு இன்னும் நாற்பத்துமூன்று நாள். இதிலும் தவறினால் திராட்சை பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்பிவிடுவது என்று மாமனார் வீட்டில் முடிவாகியிருந்தது. கணவன் பாண்டீஸ்வரன் நல்லவன்தான். கூடலூரிலிருந்து குமுளி மலைக்கு ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்களை ஜீப்பில் ஏற்றிப்போகிறவன். இந்த ஒரு தடவையை அவன் தகப்பனாரிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்திருந்தான். அதுபோல இன்னொரு சண்டை போட அவனிடம் தெம்பில்லை என்று அவளுக்குத் தெரியும்.

குருசாமி தலையைச் சொறிந்தார்.

"அதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. ஒரு வீட்டுக்கு ஒரு வாசகர்னு போட்டுருக்காக. புது வாசகர் வந்துட்டா, பழைய ஆளு துணை வாசகர் ஆயிருவாகளாம்."

"துணை வாசகர்னா?"

"வாசகருக்குப் படிச்சுக் காட்டலாம். புத்தகம் எடுக்க முடியாது."

"அப்ப என் கார்டு?"

"பாப்பா கார்டுல போய்ச் சேந்துருச்சு."

ஜோதிலட்சுமி தொட்டிலைப் பார்த்தாள். வாசகர் கையில் வசம்பு வளையலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"சரி சார். பாப்பா பேர்லயே அந்தப் புத்தகத்தக் குடுங்க."

"பாப்பா இப்ப தொட்டில் நிலை. துணிப் புத்தகந்தான் குடுக்கலாம். போட்டித் தேர்வுப் புத்தகமெல்லாம் அஞ்சாம் நிலையில வருது."

"அஞ்சாம் நிலைக்கு எப்ப வரும்?"

"தெரியலம்மா. சுற்றறிக்கை நாப்பது பக்கம். நா இன்னும் ஏழாம் பக்கத்துல இருக்கேன். படிக்க எங்க நேரம் இருக்கு."

இதற்கிடையில் அன்னத்தாய் மகளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "பச்ச ஒடம்புக்காரி புத்தகத்தத் தொட்டா கண்ணு போயிரும். நாப்பது கழியட்டும். அதுக்கப்புறம் கலெக்டருக்கே படி." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுக்கவில்லை, பூசாரியும் விடவில்லை.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜோதிலட்சுமி கணவனை நூலகத்துக்கு அனுப்பினாள். சும்மா கேட்டுப் பார், கையில் காலில் விழுந்தாவது வாங்கி வா என்றாள். அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"பூட்டிக் கெடக்கு ஜோதி."

"சனிக்கிழமை தெறந்துருக்கணுமே."

"ஒரு போர்டு தொங்குது. 'நூலகர் வாசகர்களைத் தேடிச் சென்றுள்ளார்'னு போட்டுருக்கு. அதுக்குக் கீழ படியில எட்டுப் பேரு உக்காந்துருக்காக. பேப்பர் படிக்க வந்தவுக, பரிச்சைக்குப் படிக்க வந்தவுக. காலையில இருந்து உக்காந்துருக்காகளாம்."

குருசாமி மேல் தவறில்லை. வாரத்துக்குப் பதினான்கு தொட்டில்களைப் பார்த்து முடிக்க வேண்டும் என்பது அவருக்கு இலக்கு. அவரும் வீடு வீடாகச் சைக்கிளில் போய், கைக்குழந்தைகளுக்கு முன்னால் பந்தையும் பசுவையும் காட்டிக்கொண்டிருந்தார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வந்த வாசகர்களுக்குக் கதவு திறக்க அவருக்கு நேரமில்லை, தேடிப் போகிற வாசகர்களுக்குக் கண் திறக்க நேரமில்லை.

பதினேழாம் நாள் வீட்டு முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. இயக்கத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் விஜய்ராஜ் இறங்கினார். கூடவே ஆறு பேர், ஒரு பேனர், ஒரு ஒலிபெருக்கி. பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குருசாமி.

குழந்தை அன்று விடியலிலிருந்து நான்கு மணி நேரம் கதறிவிட்டு அப்போதுதான் கண் அசந்திருந்தது. ஜோதிலட்சுமியும் தொட்டில் கயிற்றைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

அன்னத்தாய் வாசலை மறித்தாள். "முப்பது கழியலங்க."

"அம்மா, இது அரசுத் திட்டம். இதற்குத் தீட்டுக் கிடையாது" என்றார் விஜய்ராஜ். அவர் எப்போதும் மேடையில் பேசுகிற தமிழில்தான் பேசுவார். காப்பி வேண்டும் என்பதைக்கூட அப்படித்தான் கேட்பார்.

அன்னத்தாய் அதற்கெல்லாம் மசியவில்லை. எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்திக் கால் கழுவ வைத்து, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே விட்டாள். மாவட்ட ஒருங்கிணைப்பாளரின் வெள்ளைச் சட்டையில் மூன்று மஞ்சள் சொட்டு விழுந்தது. அவர் அதை மக்கள் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார். அறிக்கையிலும் அப்படியே வந்தது.

உள்ளே வந்ததும் பேனரைத் தொட்டிலுக்குப் பின்னால் கட்டினார்கள். சாமி படம் மறைந்தது.

"வாசகரை எழுப்புங்கள்" என்றார்.

"சார், இப்பத்தான் ஒறங்குச்சு."

"வாசகர் விழித்திருக்கும் நிலையில் புகைப்படம் இருக்க வேண்டும் என்பது விதி. சென்ற வாரம் ஆண்டிபட்டியில் தூங்கும் வாசகரைப் படம் எடுத்து அனுப்பியவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது."

வாசகரை எழுப்பினார்கள். வாசகர் எழுந்து அலறிய அலறலில் பக்கத்து வீட்டு மூன்று பெண்கள் பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். விஜய்ராஜ் அவர்களைப் பொதுமக்கள் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். பத்துக்குப் பத்து அறை அது.

"பெரியோர்களே, தாய்மார்களே, இளம் வாசகரே. நூலகத்துக்கு வாசகர்கள் வருவது என்பது ஒரு பழைய பழக்கம். அதனால் துறை அடைந்த துன்பம் கொஞ்சமல்ல. வருகிறவர் நாற்காலி கேட்கிறார். மின்விசிறி கேட்கிறார். குடிதண்ணீர் கேட்கிறார். சிலர் கழிப்பறைகூடக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் சிலர் புதிய புத்தகம் கேட்கிறார்கள். குழந்தை எதையும் கேட்பதில்லை. செய்தித்தாளைக் கிழிப்பதில்லை. ஆகவே நாம் வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருந்த வாசகர் இவரே என்று சொல்லிக்கொள்கிறேன்."

ஆறு பேரும் கைதட்டினார்கள். குழந்தை வீறிட்டது. ஜோதிலட்சுமிக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. எட்டு ஆண்கள் சுற்றி நிற்கையில் அவள் எப்படிப் பசியாற்றுவாள்? துணிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட நின்றாள். அந்தப் படத்துக்குப் பின்னாளில் 'வாசிப்பில் நெகிழ்ந்த தாய்' என்று தலைப்பு வைத்தார்கள்.

பேச்சு முடிகிற இடத்தில் விஜய்ராஜ் ஒன்று சொன்னார். "வாசிப்புக்கு வயது தடையல்ல. எங்கள் செயலியில் நிலை வயதால் உயராது, வாசிப்பால்தான் உயரும். நூறு வாசிப்புக்கு ஒரு நிலை. இந்த விதியை எழுதியது அடியேன்."

அழுகிற பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமியின் கை நின்றுவிட்டது. அஞ்சாம் நிலைக்கு நானூறு வாசிப்பு. நாற்பது பக்கச் சுற்றறிக்கையில் அவளுக்கு வேண்டியிருந்த ஒரே வரி அதுதான்.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் துணிப் புத்தகத்தைப் பிரித்து வாசகர் முன்னால் பிடித்தாள். பந்து, பசு, பழம், பட்டம். ஒரு வாசிப்பு ஆயிற்று. செயலியில் பதிய வேண்டியவர் குருசாமி. அவர் வருவது வாரம் ஒருமுறை. அதுவும் அவர் பார்க்கிற நேரத்தில் நடக்கிற வாசிப்புத்தான் கணக்கு. அவர் வருகிறபோது குழந்தை பால் குடிக்கும், அல்லது தூங்கும், அல்லது அவர் சட்டையிலேயே ஒண்ணுக்கு இருந்துவிடும். முப்பத்தாறாம் நாள் வரைக்கும் மொத்தம் இருபத்தேழு வாசிப்புத்தான் ஏறியிருந்தது. தேர்வுக்குப் பதினாறே நாள் இருந்தது. ஜோதிலட்சுமிக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ரயில் பாலத்தைக் கடக்கிற கணக்கும், குழாய் தொட்டியை நிரப்புகிற கணக்கும் பாதி பாதியாக ஞாபகத்தில் வந்து அறுந்துபோயின. தொட்டியை நிரப்புகிற குழாய்கள் எல்லாம் சேர்ந்து தன்னை மூழ்கடிக்கப்போவதாக அவளுக்குத் தோன்றியது.

அன்று குருசாமி வந்தபோது அவர் முகமும் சரியில்லை. வாசலில் உட்கார்ந்து அன்னத்தாய் கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"என்ன சார்?"

"ரேங்க் லிஸ்ட் போட்டுருக்காகம்மா. முப்பது லைப்ரரியில நம்மதுதான் கடைசி. மெமோ குடுத்துருக்காக. 'வாசகர்களிடம் ஆர்வத்தைத் தூண்டத் தவறியது ஏன்'னு கேட்டுருக்காக. எட்டு மாசப் பிள்ளையா இருந்தாலும் கிலுகிலுப்பையக் காட்டித் தூண்டலாம். எட்டு நாள் பிள்ளைக்கு என்னத்தக் காட்ட?"

ஜோதிலட்சுமி அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சார், ஒரே வாசகர் நானூறு வாசிப்புப் போட்டா நம்ம லைப்ரரி எத்தனாவது வரும்?"

குருசாமி மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

"மொதல்ல வரும்."

"பாப்பாவுக்கு இன்னும் முன்னூத்தி எழுபத்திமூணு வேணும்."

முப்பது வருஷ வேலையில் ஒரு பொய்ப் பதிவு போட்டதில்லை அவர். ஆனாலும் அன்று பகலும் மறுநாள் பகலும் அந்த வாசலில் உட்கார்ந்து, விரல் வலிக்கத் தட்டினார். ஒவ்வொரு பதிவுக்கும் செயலி 'வாசகரின் எதிர்வினை என்ன?' என்று கேட்டது. மூன்றே விடைதான் வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டார், கருத்துச் சொன்னார், கைதட்டினார். அழுதார் என்று இல்லை, தூங்கினார் என்று இல்லை. குருசாமி முதலில் இருந்ததையே அழுத்திக்கொண்டு போனார்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் செயலியில் பட்டாசு வெடித்தது. வாசகர் ஐந்தாம் நிலையை அடைந்துவிட்டார். மதியம் குருசாமி அந்த மேத்ஸ் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, வாசகரின் கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதிவேட்டில் உருட்டிவிட்டு ஜோதிலட்சுமியின் கையில் கொடுத்தார். அவள் புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. தான் பெற்ற பிள்ளையை முதலில் கையில் வாங்கியபோதுகூட அவ்வளவு அழவில்லை என்று நினைத்து, அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

இரண்டே நாள்தான் அந்தப் புத்தகம் அவளிடம் இருந்தது. அன்னத்தாய் கண்ணில் படாமல் தொட்டிலுக்குள் பிள்ளைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆட்டுகிற சாக்கில் குனிந்து குனிந்து படித்தாள். "நேரமும் வேலையும்" அத்தியாயம் முடிந்தது. அதுவரை புரியாத ஆட்கள்-நாட்கள் கணக்கை, விவசாய ஆபீசில் இப்போது வேலை பார்க்கிற யாரோ ஒருவர் ஓரத்தில் இரண்டே வரியில் புரியவைத்திருந்தார். அவர் யாரென்றே தெரியாமல் ஜோதிலட்சுமி அவருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டாள்.

நாற்பதாம் நாள், தலைக்குத் தண்ணீர் விட்டு, வீடு மெழுகிய ஈரம் காய்வதற்குள் வண்டி வந்தது. இம்முறை இரண்டு வண்டி. விஜய்ராஜ் கையில் மாலை வைத்திருந்தார். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் தொட்டிலில் மாட்டினார்.

"நானூறு வாசிப்பு. முந்நூற்று எழுபத்துமூன்று கேள்விகள். முப்பத்தெட்டு நாள் வயது. இந்தியாவிலேயே இல்லை என்று நினைக்கிறேன். விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றார். "வாசகர் கடைசியாக எடுத்த நூல் எது?"

குருசாமிக்கு வேர்த்தது. ஜோதிலட்சுமியின் கண் தன்னால் தொட்டில் பக்கம் போனது. விஜய்ராஜே தொட்டிலுக்குள் கையை விட்டார். ஈரத் துணிக்கு அடியிலிருந்து மேத்ஸ் புத்தகம் வந்தது.

அவர் புரட்டினார். முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம். ஓரமெல்லாம் பென்சில். அவர் கண் விரிந்தது.

"குறிப்பெழுதி வாசித்திருக்கிறார்."

ஜோதிலட்சுமி பதறிவிட்டாள். "சார், அது பாப்பா எழுதுனதில்ல. இங்கன படிச்சவுக எழுதுனது. அது எனக்கு வேணும் சார். நூத்தி நாப்பதாம் பக்கம் வரைக்கும் போட்டுப் பாத்துட்டேன், மிச்சப் பாதி அப்பிடியே இருக்கு. பன்னெண்டு நாள்ல எனக்குப் பரிச்ச."

"உங்களுக்கா?" விஜய்ராஜ் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீங்கள் துணை வாசகர் அல்லவா?"

"சார், தயவுசெஞ்சு."

"அம்மா, அல்லிநகரத்தில் கண்காட்சி வைக்கிறோம். மதிப்பீட்டுக் குழு சென்னையிலிருந்து வருகிறது. இந்த நூல் அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். ஒரு புத்தகத்துக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு புத்தகத்தை முழுதாகப் படிக்க எனக்கு வாய்த்ததில்லை. படித்த நூலை நாலு பேர் பார்க்க வைப்பதுதான் அதைவிடப் பெரிய சேவை."

புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டது. குருசாமி வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நானே கெடுத்துட்டேனேம்மா" என்றார்.

"நாந்தான சார் சொன்னேன்" என்றாள் ஜோதிலட்சுமி. உள்ளே போய்ப் பாயில் சுருண்டாள். அன்னத்தாய் மகளின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். புத்தகம் தொட்டால் கண் போகும் என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை.

நாற்பத்துமூன்றாம் நாள் பாண்டீஸ்வரன் ஜீப்பை மலைக்கு ஓட்டவில்லை. தோட்டத்துக்குப் போகிற பெண்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தேனிக்கு விட்டான். அல்லிநகரத்துக் கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. வாசலில் வாழைமரம். உள்ளே நாற்பது தொட்டில், நாற்பது பிள்ளைகள், நாற்பது விதமான அழுகை. அந்த இரைச்சலுக்கு மேல் ஒலிபெருக்கியில் 'அமைதி காக்கவும், வாசிப்பு நடைபெறுகிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நடு மண்டபத்தில் சிவப்புத் துணி விரித்த மேசை, அதன்மேல் கண்ணாடிப் பெட்டி. உள்ளே மேத்ஸ் புத்தகம் விரித்து வைத்திருந்தது. 'இந்நூலை வாசித்தவர்: பெண் குழந்தை, வயது 38 நாள். ஓரக் குறிப்புகள் வாசகருடையவை' என்று கீழே எழுதியிருந்தது. படம் எடுக்கத் தடை என்று பக்கத்தில் ஒரு பலகை. பாண்டீஸ்வரன் போனை எடுத்ததுமே காவலாளி வந்து பிடுங்கிக்கொண்டான்.

ஜோதிலட்சுமி கிட்டே போனாள். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கமும் நூற்று நாற்பத்துமூன்றாம் பக்கமும் தெரிந்தன. அவள் படிக்காமல் விட்டிருந்த இடத்தில்தான் விரித்திருந்தார்கள். ரயிலும் பாலமும்.

அந்த நேரம் பார்த்து விஜய்ராஜ் மதிப்பீட்டுக் குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி போட்ட இரண்டு பேர், கையில் தாள். பின்னால் ஒரு கூட்டம்.

"இதோ வாசகரே வந்திருக்கிறார்" என்று விஜய்ராஜ் குரலை உயர்த்தினார். "கொண்டுவாருங்கள். நூலை எப்படி வாசிப்பார் என்று குழு நேரில் காணட்டும். முந்நூற்று எழுபத்துமூன்று கேள்வி கேட்ட வாசகர்."

ஜோதிலட்சுமிக்கு வந்தது கோபமா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளையைத் தோளில் நிமிர்த்தி, கண்ணாடியை நோக்கித் திருப்பிப் பிடித்தாள். கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்ததோ என்னவோ, குழந்தை அழுகையை நிறுத்தியது. கூட்டம் கைதட்டியது. எல்லோரும் குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் தலைக்கு மேலாக இரண்டு பக்கத்தையும் ஓரத்துப் பென்சிலையும் அம்மா ஒரு வரி விடாமல் படித்ததை யாரும் கவனிக்கவில்லை. ரயிலின் நீளத்தையும் பாலத்தின் நீளத்தையும் கூட்டு, வேகத்தால் வகு, நிமிஷத்தைப் பார்க்காதே, நொடியைப் பார். புரிந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள்.

"சார், பாப்பா இந்த ரெண்டு பக்கத்தையும் படிச்சு முடிச்சிருச்சு. அடுத்த பக்கத்தத் திருப்புங்க."

விஜய்ராஜ் குழுவைப் பார்த்தார். குழு விஜய்ராஜைப் பார்த்தது. குழந்தைக்குப் படிக்கத் தெரியாது என்று அந்த மாவட்டத்தில் சொல்லக்கூடாத ஒரே ஆள் அவர்தான். குழுவில் ஒருவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

விஜய்ராஜ் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். பெட்டியைத் திறந்தார். பக்கத்தைத் திருப்பிவிட்டு மூடப்போனார்.

"தெறந்தே இருக்கட்டும் சார்" என்றாள் ஜோதிலட்சுமி. "பாப்பா வேகமாப் படிக்கும்."

பாண்டீஸ்வரன் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவள் உட்கார்ந்தாள். குழுவுக்கும் நாற்காலி வந்தது. மாவட்ட ஒருங்கிணைப்பாளருக்கு நாற்காலி கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. அவர் நின்றபடியே, அவள் தலையசைக்கும்போதெல்லாம் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். நூற்று ஐம்பது. நூற்று அறுபத்துநாலு. நூற்று எண்பது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது, கண்காட்சி இன்னும் நான்கு நாள் இருந்தது. சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள், குழு எழுந்திருக்கவில்லை. விஜய்ராஜின் கழுத்துப்பட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. அவர் குனிந்து, குழுவுக்குக் கேட்காத குரலில், வாழ்க்கையில் முதல்முறையாக ஊர்ப்பேச்சில் பேசினார்.

"பாப்பா தூங்கிருச்சேம்மா."

ஜோதிலட்சுமி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கண்ண மூடிக்கிட்டு யோசிக்குது சார். நீங்க திருப்புங்க."